ஷாடெ என்றால் அடடா

லோத்தர் ஷாடெயிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. கோளாறெல்லாம் பெயரில்தான். ஷாடெ என்பது ஜெர்மன்காரர்களின் வாயில் நாள் முழுக்கப் புரளுகிற சொல். பஸ் போய்விட்டால் ஷாடெ. ரொட்டிக் கடையில் கடைசித் துண்டு கசகசா கேக்கை முன்னால் நின்றவள் வாங்கிக்கொண்டால் ஷாடெ. கால்பந்தில் நம்மவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் ஊரே எழுந்து நின்று ஷாடெ. நாம் "அடடா" என்போமே, "வீணாய்ப் போச்சே" என்கிற அடடா, அதுதான். அதையே குடும்பப் பெயராகச் சுமந்துகொண்டு ஒரு மனிதன் அறுபத்தைந்து வருஷம் ஸாலே ஆற்றங்கரையில் குடித்தனம் நடத்தியது லேசான காரியமில்லை.

பள்ளிக்கூடத்தில் முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. ஆசிரியை வருகைப் பதிவேட்டைப் பார்த்து "ஷாடெ" என்று வாசித்ததும், முன் பெஞ்சில் இருந்த ஒருவன் அக்கறையாக, "ஏன் டீச்சர், என்னாச்சு?" என்று கேட்டான். வகுப்பு சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அழுதுகொண்டிருந்த லோத்தரை அந்த அம்மாள் கூப்பிட்டு ஒரு வழி சொன்னாள்: "வார்த்தை வேற, பேரு வேறடா. எங்க பேரெழுதினாலும் கீழ ரெண்டு கோடு போட்டுடு. அப்போ அது பேருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

யாருக்கும் தெரியவில்லை. ஆனால் லோத்தர் கோடு போடுவதை நிறுத்தவில்லை. குடைப் பிடியில் ஷாடெ, கீழே இரண்டு கோடு. சாப்பாட்டு டப்பாவில் ஷாடெ, இரண்டு கோடு. கல்யாணப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வழக்கம்போல இரண்டு கோடு இழுத்தார். பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இவ்வளவு வருத்தமா இருந்தா இன்னும் ஒரு நிமிஷம் டைம் இருக்கு" என்றார்.

பெண்ணின் பெயர் அதைவிட விசேஷம். ரோஸ்விதா க்ளூக். க்ளூக் என்றால் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு அடடாவை மாட்டிக்கொண்டாள். உள்ளூர்ப் பத்திரிகையில் "க்ளூக் – ஷாடெ" என்று மணச்செய்தி வந்ததைக் கத்தரித்துத் தங்கள் சமையலறையில் ஒட்டி வைத்துக்கொண்ட வீடுகள் அந்த ஊரில் நாலைந்தாவது இருக்கும்.

பெயர்தான் இப்படி, பிழைப்பாவது கம்பீரமாக இருந்ததா என்றால், வயோலா வாசித்தார். வயோலா என்பது வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, கொஞ்சம் கனத்த குரல், மரியாதை மட்டும் ரொம்பக் கொஞ்சம். எந்த இசைக்குழுவிலும் கேலிக்கென்று ஒரு கூட்டம் வேண்டுமே, அது வயோலாக்காரர்கள். "வயலினைத் திருடன் தூக்கிட்டுப் போகாம இருக்க என்ன செய்யணும்?" "வயோலாப் பெட்டியில வைக்கணும்." இந்த மாதிரி நூறு. நாற்பது வருஷமாக நகர இசைக்குழுவில், வயோலா வரிசையின் கடைசி மேசையில் உட்கார்ந்து, வயலின்கள் பாட்டைப் பாட, செல்லோக்கள் அழ, கொம்புகள் முழங்க, லோத்தர் நடுவில் "டும் டும், டும் டும்" என்று அடைத்துக்கொண்டிருந்தார். கல்யாண போட்டோவில் தோள்பட்டை மட்டும் தெரிகிற ஒன்றுவிட்ட உறவினர் மாதிரி.

ஜூலையில் பணி ஓய்வு. பெரிய ஆசை எதுவும் அவருக்கு இருந்ததில்லை, ஒன்றைத் தவிர. அவர் பெயரை வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாவது, வருத்தமோ சிரிப்போ இல்லாமல், யாராவது பெருமையாகச் சொல்லிக் கேட்க வேண்டும். இதை ரோஸ்விதாவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவள் "ஷாடெ" என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மே மாதம் ஒரு புதிய படைப்பு வந்து சேர்ந்தது. இசைக்குழுவின் இருநூறாவது ஆண்டுக்காக வோல்க்மார் ரீடலிடம் எழுதி வாங்கியது. ரீடல் பெயர் பெற்றவர்தான், ஆனால் பாதிப் பெயர் திட்டு வாங்கியே வந்தது. இந்தக் காலத்தில் இசை எழுதுகிறவர்கள் காதுக்கு வீட்டு விலாசம் தெரியக்கூடாது என்று பாடுபடும்போது, இவர் பிடிவாதமாக ஒரு சுருதியில் ஆரம்பித்து, ஊரெல்லாம் சுற்றினாலும் அதே சுருதிக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறவர். அதிலும் ஃபியூக் என்றால் உயிர். ஒரு குரல் ஒரு சின்னப் பாட்டை எடுக்கும். அது முடிவதற்குள் இன்னொரு குரல் அதே பாட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும், அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாரும் ஒரே விஷயத்தையே பேசிக்கொண்டு, ஆனால் ஒருவர் பேச்சையும் ஒருவர் கெடுக்காமல். ஜெர்மன் குடும்பங்களில் நடக்காத அதிசயம் அது.

லோத்தருக்கு வேறொரு அதிசயம் காத்திருந்தது. அந்த ஃபியூகின் பாட்டை முதலில் எடுப்பது வயோலாக்கள். துணைக்கு யாரும் கிடையாது. மொத்தக் குழுவும் கையைக் கட்டிக்கொண்டிருக்க, வயோலாக்கள் மட்டும்.

"அச்சுப் பிழையா இருக்கும்" என்றாள் மரைக்கெ. அவள் ஒரே தாள் தாங்கியைப் பகிர்ந்துகொண்டு அவர் பக்கத்தில் வாசிக்கிற மேசைத் தோழி, முப்பது வயது, நிறைமாதம். வயோலாவை வயிற்றின் மேல் எப்படி வைப்பது என்று தினம் ஒரு புது ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். அடுத்த வாரம் விடுப்பில் போகிறாள்.

அச்சுப் பிழை இருக்கத்தான் செய்தது, வேறு இடத்தில். செவ்வாய்க்கிழமை ஒத்திகை. குழுவை நடத்த வந்தவர் பார்ட்ரிஜ் என்ற இளம் ஆங்கிலேயர். ஜெர்மன் நன்றாகப் பேசுவார், அவசரம் வந்தால் மட்டும் நாக்கு லண்டனுக்கு ஓடிவிடும். வயோலாக்கள் பாட்டை எடுத்தார்கள். மூன்றாவது சுரத்தில் பார்ட்ரிஜ் முகம் சுளித்தது.

"வயோலாக்களே, அந்த மூணாவது சுரம் பி!"

"பி-தான் வாசிக்கிறோம்" என்றார்கள்.

"இல்லை, பி! நீங்க வாசிக்கிறது பி இல்லை!"

மறுபடி வாசித்தார்கள். இன்னும் அழுத்தமாக அதே பி. வயலின்காரர்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். "ஒரு சுரத்துக்கே இப்படின்னா, மிச்ச அஞ்சுக்கு பென்ஷன் வந்துடும் லோத்தருக்கு" என்றது கொம்பு வரிசையிலிருந்து ஒரு குரல்.

விஷயம் இதுதான். சுரங்களுக்கு எல்லா நாட்டாரும் எழுத்துகளைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். ஆனால் உலகம் பி என்று கூப்பிடுகிற சுரத்துக்கு ஜெர்மனியில் எச் என்று பெயர். ஜெர்மனியில் பி என்றால் அதற்கு அரைப்படி கீழே இருக்கும் சுரம். பார்ட்ரிஜ் கேட்டது லண்டன் பி, வயோலாக்கள் கொடுத்தது ஜெர்மன் பி. தாளில் ஒரு சின்னக் குறி அச்சில் விட்டுப்போயிருந்ததால், அவர்கள் எதிரே இருந்ததும் அதே தப்பு பி. ஒருவரையொருவர் ஏழு தடவை திருத்திக்கொண்ட பிறகு லோத்தர்தான் வில்லை உயர்த்தினார்.

"மன்னிக்கணும், நீங்க கேக்கறது எச்-ஆ?"

"அதான்! எச்! எச்! நான் என்ன சொன்னேன்?"

"நீங்க பி-ன்னு சொன்னீங்க."

"ஆமா, பி!" என்று சொல்லிவிட்டு பார்ட்ரிஜ் நெற்றியில் அடித்துக்கொண்டார். அறை முழுக்கச் சிரிப்பு. முதல் தடவையாக வயோலாக்காரர் சொன்னது சரியாக இருந்தது என்பதற்காகவே இரண்டு பேர் கைதட்டினார்கள்.

எல்லாரும் பென்சிலை எடுத்து அந்தச் சுரத்தின் மேல் எச் என்று குறித்தார்கள். லோத்தர் காரியத்தைப் பாதியில் விடமாட்டார். ஒன்று எழுதியதும் மற்றதையும் எழுதிவிடுவோம் என்று பாட்டின் ஆறு சுரங்களுக்கு மேலேயும் எழுத்தைப் போட்டார். முதல் சுரம் எஸ், இ-க்கு அரைப்படி கீழே இருப்பதற்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர். அடுத்தது சி. பிறகு எச். ஏ. டி. இ.

எழுதியதைப் படித்தார். பென்சில் கையிலிருந்து நழுவி மேடையில் உருண்டது. எஸ், சி, எச், ஏ, டி, இ. ஷாடெ. அவர் குடைப் பிடியில் இருக்கிற அதே ஆறு எழுத்து, அதே வரிசை. கோடு மட்டும்தான் இல்லை.

"மரைக்கெ, இங்க பாரு" என்றார், வில் நுனியால் தாளைத் தொட்டு.

அவள் பார்த்தாள், படித்தாள், வயிறு குலுங்கச் சிரித்தாள். "ஐயோ லோத்தர், உன்னப் பத்தி சிம்பனியா எழுதிட்டாங்க!"

"விளையாடாதே. எழுதியிருக்காரே."

"யாரு, ரீடலா? கடைசி மேசையில ஒரு ஆள் உக்காந்திருக்கான்னு அவருக்கு எப்படித் தெரியும்? உன்ன பார்த்திருக்காரா?"

பார்த்ததாக லோத்தருக்கு நினைவில்லை. கல்லூரியில் ஒரே காலத்தில் படித்தவர்கள் என்று நிகழ்ச்சிப் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த நாளில் வயோலா மாணவர்கள் இரண்டே பேர். யாருக்குத் தேர்வு என்றாலும் வாசிக்க ஆள் வேண்டும் என்று இவர்களைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். கூலி, சந்தைத் திடலில் சுட்டுத் தருகிற, சாசேஜ் என்கிற ஒரு இறைச்சிக் குழல். லோத்தர் யார் யாருக்கெல்லாம் வாசித்தாரோ, எண்ணிக்கையில்லை. குழல்கள்தான் நினைவில் இருந்தன.

வீட்டுக்குப் போய் ரோஸ்விதாவிடம் சொன்னார். அவள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள், சுரம் தெரிந்தவள். தாளை வாங்கி, சமையல் மேடையில் விரலால் தட்டிப் பார்த்தாள்.

"ஷாடெதான்" என்றாள். "ஆனா லோத்தர், அது பேரா, வெறும் அடடாவா? அவரையே கேட்டுடேன். வெள்ளிக்கிழமை வராராமே."

"கேக்கலாமா? தப்பா நெனச்சுக்க மாட்டாரே?"

"நாப்பது வருஷம் டும் டும்முன்னு இருந்துட்டே. ஒரு தடவை வாயத் திறந்து கேளு."

வெள்ளிக்கிழமை வரை லோத்தர் தரையில் நடக்கவில்லை. புதன்கிழமை முடிவெட்டிக்கொண்டார். வியாழக்கிழமை தபால் ஆபீஸில் கவுண்ட்டர் பெண் "திருவாளர் ஷாடெ!" என்று கூப்பிட்டபோது, பின்னால் நின்றவர் வழக்கம்போலச் சிரித்தார். லோத்தரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எண்பது பேர் சேர்ந்து அந்தப் பெயரை முழங்கப்போகிறார்கள், வானொலியில் நேரடி ஒலிபரப்பு வேறு.

ரீடல் வந்தார். ஒடிசலான உயரமான மனிதர், தோளில் ஒரு தோல் பை. ஒத்திகை இடைவேளையில் கேன்டீனில் காப்பியை எடுத்துக்கொண்டு நேராக வயோலாக்காரர்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அங்கே லோத்தரும் மரைக்கெயும் மட்டும்தான் இருந்தார்கள்.

"உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன். ஆரம்பம் உங்க கையிலதான் இருக்கு. அந்த எச்-ஐ யாரோ கண்டுபிடிச்சீங்களாமே?"

"இவர்தான்" என்றாள் மரைக்கெ. "இவர் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

லோத்தர் கழுத்துவரை சிவந்தார். "அந்த ஆறு சுரம்... அது ஒரு சொல் இல்லையா?"

ரீடல் முகம் மலர்ந்தது. "பிடிச்சுட்டீங்களே! ஷாடெ! அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு" என்று பையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறையில் பழுப்பேறிய ஒரு தாள். கையால் எழுதிய இசை. அதை மேசையில் வைத்தார்.

"கல்லூரியில என் கடைசித் தேர்வு. நாலு கருவிக்கு ஒரு ஃபியூக் எழுதினேன். அப்பல்லாம் கதவ அறையற சத்தத்தையும் தகரத்தக் கீறற சத்தத்தையும் எழுதினாத்தான் மதிப்பு. ப்ரொஃபசர் ஒரு வார்த்தை பேசல. நோட்டுகளத் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டார். அடுக்குல மேலாப்ல இருந்தது வயோலாவோட தாள். பாட்ட ஆரம்பிக்கிறது வயோலாதானே. அதோட மூலையில, பாருங்க, பென்சில்ல அவர் எழுதி வச்ச தீர்ப்பு. ஒரே வார்த்தை. அதுவும் சாதாரணமா இல்ல, ரெண்டு கோடு போட்டு!"

லோத்தர் பார்த்தார். தாளின் வலது மூலையில், பென்சிலில், ஷாடெ. கீழே இரண்டு கோடு.

அந்த எஸ்ஸின் வளைவை அவருக்குத் தெரியும். இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுவதும் தெரியும். சூடு இல்லாத ஹால், விரல் விறைத்தது, நீளக் கழுத்துத் துணி சுற்றிய ஒரு ஒல்லிப் பையன், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தாள்கள் காணாமல் போகும் என்று எங்கே வாசித்தாலும் மூலையில் பெயரெழுதிவிடுவார். தீர்ப்பாவது, வருத்தமாவது. வாசிக்கிற ஆளின் பெயர் அது.

மரைக்கெயும் பார்த்துவிட்டாள். தினம் பக்கத்தில் இருக்கிற சாப்பாட்டு டப்பாவை அவளுக்குத் தெரியாதா? "அட, இது..." என்று வாயைத் திறந்தாள். லோத்தர் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

ரீடல் கவனிக்கவில்லை. "அந்த ஆள் இத எழுதலைன்னா நான் ஏதாவது பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியாராப் போயிருப்பேன். தினம் காலையில இந்தத் தாளப் பார்ப்பேன். 'அடடாவா? இருய்யா, காட்டறேன்'னு எழுத உக்காருவேன். நாப்பத்துமூணு வருஷம். அவர் போய்ச் சேர்ந்துட்டார். ஞாயித்துக்கிழமை அவரோட வார்த்தையையே எடுத்து, அதுல கோட்டை கட்டி, அவருக்குப் பதில் சொல்லப்போறேன்."

"அன்னைக்கு வயோலா வாசிச்சவர் யாரு?" என்று கேட்டாள் மரைக்கெ, மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டே.

"பேர் கேக்கல, ஷாடெ" என்றார் ரீடல். அவர் சொன்னது அடடா. "தொத்தலா ஒரு பையன். மத்த மூணு பேரும் சிரிப்ப அடக்கிட்டு வாசிச்சாங்க. அவன் மட்டும் முடிச்சதும், 'இன்னொரு தடவ வாசிக்கலாமா'ன்னு கேட்டான். அவனையும் தேடிக் கண்டுபிடிக்கணும்னு நெனப்பேன். எங்க போய்த் தேடறது?"

இப்போது இடுப்புப் பட்டியில் மூன்று துளை தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் தொத்தல் பையன் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

தாழ்வாரத்தில் மரைக்கெ வழிமறித்தாள். "ஏன் மிதிச்சே? சொல்லிடு லோத்தர். அது உன் பேரு! நீ நெனச்சது சரியாப் போச்சு!"

"சொன்னா?"

"சொன்னா சந்தோஷப்படுவார்."

"ப்ரொஃபசர் ஒண்ணுமே எழுதலன்னு தெரிஞ்சா சந்தோஷப்படுவாரா? நாப்பத்துமூணு வருஷம் யார்கூட சண்டை போட்டார் அப்போ? என் சாப்பாட்டு டப்பாகூடவா?"

மரைக்கெயால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. "ஞாயித்துக்கிழமைக்கு அப்புறமாவது சொல்லு."

"பார்க்கலாம்" என்றார் லோத்தர். மாலை ரோஸ்விதா கேட்டதற்கு, "கேட்டேன். பேரு இல்லையாம். வெறும் அடடாதானாம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய், ஏற்கனவே தண்ணீர் ஊற்றிய செடிக்கு மறுபடி ஊற்றினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய், அதுவும் பாதிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோஸ்விதாவுக்குச் சர்ச்சில் ஞானஸ்நானம் ஒன்று இருந்தது. முடித்துவிட்டு வந்து சமையலறை வானொலியில் கேட்பதாகச் சொன்னாள். அரங்கம் நிறைந்திருந்தது. பார்ட்ரிஜ் கையை உயர்த்தி, கடைசி மேசையைப் பார்த்து உதட்டசைவிலேயே "எச்" என்று ஞாபகப்படுத்தினார். வயோலாக்கள் தனியாக எடுத்தார்கள்.

எஸ், சி, எச், ஏ, டி, இ. மெதுவாக, இருட்டு அறையில் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி. இரண்டாம் வயலின்கள் அதைப் பிடித்தன. செல்லோக்கள் பிடித்தன. கொம்புகள் பிடித்தன, செவ்வாய்க்கிழமை பென்ஷனைப் பற்றிக் கேலி செய்த அந்த ஆள் கன்னம் உப்ப, உயிரைக் கொடுத்து "ஷாடெ" என்று ஊதிக்கொண்டிருந்தார். பாட்டு தலைகீழானது, இரண்டு மடங்கு நீண்டது, ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. கடைசியில் எக்காளங்களும் பெரிய முரசும் சேர்ந்து, மேகம் விலகின மாதிரி சுருதி மாறி, எண்பது பேரும் ஒரே குரலில் அந்த ஆறு சுரத்தை முழங்கியபோது, லோத்தர் வில்லை இழுத்துக்கொண்டே அழுதார். அதில் வருத்தம் எள்ளளவும் இல்லை. அப்படி ஒரு ஷாடெயை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

கைதட்டல் ஓய ரொம்ப நேரம் ஆயிற்று. ரீடல் மேடையேறி, யாருமே செய்யாத காரியமாக, முதலில் வயோலாக்களை எழுப்பி நிற்க வைத்தார்.

ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. மரைக்கெ விடுப்பில் போவதற்கு முன்பே லோத்தருக்கு வழியனுப்பு வைத்துவிட வேண்டும் என்று வயோலாக்காரர்கள் ஒரு மாதம் முன்பே முடிவு செய்திருந்தார்கள். "ஷாடெ போறாரே, ஷாடெ" என்ற நகைச்சுவையைக் குழு முழுவதும் வருஷக் கணக்காகப் பொத்திப் பாதுகாத்து வைத்திருந்தது. பின்னறையில் நுரைக்கும் ஒயின் கோப்பைகளுக்கு நடுவே பெரிய கேக். மேலே சிவப்புச் சர்க்கரையில், பெட்டி பெட்டியாக ஆறு எழுத்து. ஷாடெ. கீழே இரண்டு கோடு. இதை எழுதச் சொன்னவளே மரைக்கெதான்.

"ஐயையோ, மறந்தே போச்சு லோத்தர்!" என்றாள் அவள் வெளிறிப்போய்.

வாசலில் ரீடலின் நெடிய தலை தெரிந்தது. பேசினால் மாட்டிக்கொள்வோம். லோத்தர் கத்தியை எடுத்து முதல் மூன்று எழுத்துகளை அப்படியே அறுத்து, ஒன்றை மரைக்கெ வாயிலும் இரண்டைத் தன் வாயிலும் திணித்துக்கொண்டார். கீழிருந்த இரண்டு கோட்டைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் வழித்து நக்கினார். நாற்பது வருஷத்தில் அவர் செய்த அதிவேகமான வாசிப்பு அது.

ரீடல் வந்து கேக்கைக் குனிந்து பார்த்தார். மிச்சம் மூன்று எழுத்து: ஏ, டி, இ. சேர்த்துப் படித்தால் அடெ. நம் ஊர் "அடே" இல்லை. அந்தப் பக்கத்தில் அடெ என்றால் போய்வருகிறேன் என்று அர்த்தம்.

"அடெ? யாரு விடைபெறுறாங்க?"

வாய் நிறைய கேக்கோடு லோத்தர் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்களா? எச் கண்டுபிடிச்சவரா?" ரீடல் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு பையைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். "அப்போ இது உங்களுக்கு. எனக்கு இனி வேண்டாம். இன்னைக்கு அந்த ஆளுக்குப் பதில் சொல்லியாச்சு, கணக்கு தீர்ந்தது. வயோலாவோட தாள், வயோலாக்காரர்கிட்டயே இருக்கட்டும்."

மரைக்கெ லோத்தரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. லோத்தர் கேக்கை விழுங்கினார். ரீடலின் முகத்தைப் பார்த்தார். நாற்பத்துமூன்று வருஷச் சண்டையில் ஜெயித்துவிட்டு வந்த முகம்.

"ரொம்ப நன்றி" என்றார். "அன்னைக்கு அந்தப் பையன் சொன்னது சரிதான். இன்னொரு தடவ வாசிக்கலாம் இத."

ரீடல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அடுத்த கோப்பையை நோக்கிப் போனார்.

வீட்டில் மேசை போட்டிருந்தது. உருளைக்கிழங்கு உருண்டைகள், சிவப்பு முட்டைக்கோஸ், குழம்பு ஊற்றிய இறைச்சிச் சுருள். வானொலி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டேன் லோத்தர். அந்த ஆரம்பம்! ஒருத்தர்கூட இருமல" என்றாள் ரோஸ்விதா. "அது என்ன உறை?"

"ரீடல் கொடுத்தார்."

ரோஸ்விதா சமையல் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மூலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இதென்ன, உன் காலேஜ் நோட்டா? அப்பவே பேருக்குக் கீழ ரெண்டு கோடு போடுவியா நீ?"

லோத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆமா" என்றார். "என் பேருதான் அது." சொல்லிவிட்டு, இன்னும் ஒரு உருண்டை கேட்டார்.